தடம் புரண்ட மலை

சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது என்பார்கள். ஜெராக்ஸ்காரர் அந்தக் கோட்டைத் தாண்டிப் பல வருடங்கள் ஆகின்றன. தாண்டும்போது கோட்டையும் சுருட்டிக் கையோடு எடுத்துக்கொண்டு போயிருப்பார், எதற்காவது ஆகும் என்று.

மனிதருக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது, வெட்டி அரட்டைகூடக் கிடையாது. ஒரே ஒரு பைத்தியம் உண்டு. குட்டி ரயிலுக்குச் சரக்குப் பெட்டி செய்வது. பொம்மை ரயில் என்று அவர் காதுபடச் சொல்லிவிடாதீர்கள், முகம் சிவந்துவிடும். மாடல் என்று சொல்ல வேண்டும். உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி, அதற்குச் சட்டைப் பொத்தானைவிடச் சின்னச் சக்கரங்கள். கையில் காசுள்ளவர்கள் இதற்கென்று கடையில் கிட் வாங்குவார்கள். டப்பாவைத் திறந்தால் பக்கச் சுவர், கூரை, சக்கரம், கொக்கி என்று எல்லாம் தனித்தனியாக இருக்கும். ஒட்டி, பெயின்ட் அடித்தால் வேலை முடிந்தது. ஜெராக்ஸ்காரரும் கிட்தான் வாங்குவார். ஆனால் பாதிச் சாமான் காணாமல்போய், கடைக்காரர் உடைசல் என்று ஓரம் தள்ளிய கிட்டாகப் பார்த்து வாங்குவார். அடிச்சட்டமும் சக்கரமும் மட்டும் இருந்தால் அவருக்குப் போதும்.

மீதிக்கு அவருடைய கடை இருக்கிறதே. கிழிந்த ஃபைல் அட்டையை வெட்டி, மூன்று நான்கு அடுக்காக ஒட்டிச் சுவர் செய்வார். தீர்ந்துபோன பேனா முனையால் அதில் கோடு இழுத்தால் பலகை பலகையாகத் தெரியும். பின்பக்கத்திலிருந்து ஊசியால் குத்தினால் முன்பக்கம் ஆணித்தலை புடைத்துக்கொண்டு நிற்கும். ஸ்பைரல் பைண்டிங் கம்பியில் மிச்சம் வந்தது கொக்கி. மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள் கூரை. பெயின்ட்டுக்கு மனைவியின் தீரப்போகிற நெயில் பாலிஷ். துரு பிடித்த மாதிரி தெரிய வேண்டுமானால் செங்கல் பொடி, அதுவும் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்திலிருந்து வந்தது. சும்மா சொல்லக் கூடாது, தூரத்திலிருந்து பார்த்தால் நிஜப் பெட்டி தோற்றுப்போகும். மனிதருக்குக் கையில் வித்தை இருந்தது. தாராளம்தான் இல்லை.

இத்தனையும் நடந்த இடம் வீட்டின் சாப்பாட்டு மேஜை. வீட்டில் இருந்ததே அந்த ஒரு மேஜைதான். முதலில் ஒரு மூலையை மட்டும் பிடித்தார். பிறகு அந்த மூலை வளர்ந்தது. இப்போது மேஜை முழுக்கச் சக்கரமும் கத்தியும் பசையும் காய்கிற சுவர்களுமாகக் கிடந்தது. தட்டு வைக்க இடமில்லை. அவர் ஒரு கையில் சாப்பாட்டையும் மறுகையில் பிரஷ்ஷையும் வைத்துக்கொண்டு அங்கேயே சாப்பிடுவார். ஒரு தடவை பிரஷ்ஷைத் தேநீரில் கழுவிவிட்டு, பிரஷ் கழுவுகிற தண்ணீரை எடுத்துக் குடித்தார். ருசியில் வித்தியாசம் தெரியவில்லை என்று அவரே சொன்னார்.

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாள் முழுக்க நின்ற காலில் நின்றுவிட்டு வருகிறவள், தட்டை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போய்விடுவாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏங்க, இது சாப்பாட்டு மேஜையா, ரயில்வே யார்டா?"

"கொஞ்சம் பொறு. பெயின்ட் காயட்டும்."

"பெயின்ட் காயட்டும், பெயின்ட் காயட்டும்னு என் வயிறுதான் காயுது. ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. இத்தனை வருஷத்துல உங்க பெட்டி ஒண்ணாவது கீழ விழாம ஓடியிருக்கா?"

கேட்ட கேள்வி நெஞ்சில் தைத்தது. காரணம், அது உண்மை.

அவர் சேர்ந்திருந்த மாடல் ரயில் கிளப், ஒரு டயர் கடைக்கு மேல் ஹாலில் இருந்தது. ஹாலை அடைத்துக்கொண்டு பலகைமேல் ஒரு குட்டி உலகம். தண்டவாளம், ஸ்டேஷன், பாலம், காகிதக்கூழில் செய்த மலை, மலைக்குள் சுரங்கம். வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய ஓட்டம் நடக்கும். ஒவ்வொருவரும் தான் செய்த ஒரு பெட்டியைக் கொண்டுவர வேண்டும். எல்லாவற்றையும் கோத்து நீளமான சரக்கு ரயிலாக ஓட்டுவார்கள். தலைவர் கடைசி விசில் ஊதுகிறவரை எவருடைய பெட்டி தண்டவாளத்தை விட்டு இறங்காமல் நிற்கிறதோ அது பாஸ். இறங்கினால் ஃபெயில். ஜெராக்ஸ்காரரின் பெட்டி ஒவ்வொரு வருடமும் இறங்கியது. அட்டைப் பெட்டி அல்லவா, எடை கிடையாது. வளைவில் வரும், மேலே மின்விசிறி சுற்றும், அவ்வளவுதான், பொத்தென்று விழும். ஒரு வருடம் பறந்து போய்ப் பாலத்துக்கு அடியில் இருந்த குட்டிப் படகில் உட்கார்ந்துகொண்டது. கிளப்பில் மலையைப் பலகையோடு ஒட்டாமல் வைத்திருந்ததே இவரால்தான். சுரங்கத்துக்குள் விழுந்தால் தூக்கி எடுக்க வேண்டுமே.

"இந்த வருஷம் ஓடும்" என்றார் ஜெராக்ஸ்காரர்.

"ஓடலேன்னா?"

"ஓடலேன்னா மேஜை உனக்கு. எல்லாத்தையும் மூட்டை கட்டி பரண்ல போட்டுடறேன். அப்புறம் தொடவே மாட்டேன்."

"ஓடிட்டா?"

"மேஜை எனக்கு. நீ அதப் பத்தி வாயத் திறக்கக் கூடாது."

"சரி" என்றாள். ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னாள். அந்த வேகம்தான் அவரை ரொம்பவும் புண்படுத்தியது.

மறுநாள் மச்சானைப் போய்ப் பார்த்தார். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், கிளப்பில் பெரிய புள்ளி. வீட்டில் அலமாரி அலமாரியாக மாடல் ரயில் வைத்திருந்தார். ஒன்றைக்கூட டப்பாவிலிருந்து வெளியே எடுத்தது கிடையாது. பிரித்தால் மதிப்புக் குறையுமாம். டப்பாமேல் இருக்கிற படத்தைப் பார்த்தே சந்தோஷப்படுகிற மனிதர். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"எடை போடுங்க மாப்ளே. அதுக்குன்னே சின்னச் சின்ன ஈயக்குண்டு விக்குது. உள்ள போட்டு ஒட்டிட்டா அசையாது."

"காசு குடுத்துக் கனத்த வாங்கறதா மச்சான்?"

"வேற என்ன பண்ணுவீங்க? நீங்களே ஏறி உக்காருவீங்களா?"

வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தார். வீட்டில் ஆணியும் நட்டும் இருந்தன. ஆனால் நல்ல இரும்பை ஒரு பெட்டிக்குள் போட்டு அடைக்க மனசு வரவில்லை, நாளைக்கு எதற்காவது ஆகும். சில்லறைக் காசையே ஒட்டலாமே என்று ஒரு யோசனை எட்டிப் பார்த்தது. பார்த்த வேகத்தில் அவருக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது. கடைசியில் சமையலறை அலமாரியில் கண்ணில் பட்டது ஒரு டப்பா நிறையக் கொண்டைக்கடலை. கையில் அள்ளிப் பார்த்தார். குண்டு குண்டாக, கெட்டியாக, கனமாக இருந்தது. ஈயக்குண்டை வைத்து ஏமாற்றப் பார்த்த உலகத்தை நினைத்து அவருக்குச் சிரிப்பு வந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் பெட்டிக்குள் கடலையைக் கொட்டி நிரப்பினார். அதன்மேல் வெள்ளைப் பசை ஊற்ற வேண்டும். புட்டியில் பசை கொஞ்சம்தான் இருந்தது. புதுப் புட்டி வாங்குகிற ஆளா இவர்? தண்ணீர் விட்டுக் கலக்கினார். போதவில்லை. இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டார். மோர் மாதிரி ஆனதும் திருப்தியோடு கடலைமேல் ஊற்றி, கூரையை வைத்து, ஒரு பொட்டு இடைவெளி இல்லாமல் ஒட்டி மூடினார்.

கடலையில் தண்ணீர் விட்டால் என்ன ஆகும் என்பது சமையலறைப் பக்கம் தலைவைத்துப் படுத்தவனுக்கெல்லாம் தெரியும். இவர் சமையலறைக்குப் போனதெல்லாம் டப்பாவில் கைவைக்கத்தான். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவருக்கோ பெட்டியில் கனம் ஏறியதும் இருந்த பயமும் போய்விட்டது. அரக்கு நிற நெயில் பாலிஷை எடுத்துப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பூசினார்.

வெள்ளிக்கிழமை கிளப்பில் பெட்டிகளை ஒப்படைக்கிற நாள். தலைவர் ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர். விசிலும் கொடியும் இல்லாமல் அவர் டயர் கடைப் படியே ஏற மாட்டார். மேஜைமேல் ஒரு மர வளைவை வைத்திருந்தார், சுரங்கத்தின் வாய் என்ன அளவோ அதே அளவில். ஒவ்வொரு பெட்டியும் அதற்குள் நுழைந்து வெளியே வர வேண்டும். ஜெராக்ஸ்காரரின் பெட்டியும் நுழைந்து வெளியே வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் அதைக் கையில் தூக்கிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"இந்த வருஷம் கனமா இருக்கே."

"ஆமா சார்."

"கொஞ்சம் ஈரமாவும் இருக்கே."

"பெயின்ட் சார்."

பெட்டி தண்டவாளத்தில் ஏறியது. எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்டேஷன் மாஸ்டர் அதை ரயிலின் கடைசியில் கோத்தார். விழுந்தால் அதுமட்டும் போகட்டும், மற்றதை இழுத்துக்கொண்டு விழ வேண்டாம் என்ற நல்லெண்ணம். ஹாலைப் பூட்டினார்கள். சனிக்கிழமை முழுவதும், ஜன்னல் சாத்திய அந்தப் புழுக்கத்தில், கொண்டைக்கடலை தன் வேலையைப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் ஒரே கூட்டம். மனைவியும் வந்திருந்தாள், பந்தயம் அல்லவா, கண்ணால் பார்க்காமல் எப்படி? ஜெராக்ஸ்காரர் பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். பக்கச் சுவர் லேசாகத் தொப்பை போட்டிருந்ததுபோல இருந்தது. நல்ல சாமான் உட்கார்ந்தால் அப்படித்தான் இருக்கும் என்று தேற்றிக்கொண்டார்.

அன்றைக்கு இன்னொரு அதிசயமும் நடந்தது. மச்சான் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு டப்பாவைப் பிரித்திருந்தார். உள்ளே இருந்தது புத்தம் புது எஞ்சின், பெரிய எஞ்சின், நீளமான ரயிலையும் அலுங்காமல் இழுக்கிற எஞ்சின். பிரித்த டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கண் கலங்க, ரயிலின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கரன்ட் திருகுக்குமுன் உட்கார்ந்தார்.

விசில் ஊதினார்கள். பச்சைக் கொடி ஆடியது. ரயில் கிளம்பியது.

பாலத்தைத் தாண்டியது. வளைவு வந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஜெராக்ஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மேஜை போய்விடுமோ, பசையும் பிரஷ்ஷும் பரணுக்குப் போய்விடுமோ என்று பயம். பொத்தென்ற சத்தத்துக்குக் காத்திருந்தார். வரவில்லை. கண்ணைத் திறந்தால் பெட்டி வளைவைத் தாண்டிக் கம்பீரமாகப் போய்க்கொண்டிருந்தது. ஹாலே கைதட்டியது. எத்தனை வருடத் தவம்.

அடுத்தது சுரங்கம். எஞ்சின் நுழைந்தது, பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்தன, எஞ்சின் அந்தப் பக்கம் வெளியே வந்தது. கடைசிப் பெட்டி சுரங்கத்தின் வாய்க்கு வந்தது. வாய்க்குள் பாதி போனது. நின்றது.

வேறு யாருடைய கொக்கியாக இருந்தாலும் அந்த இடத்தில் கழன்றிருக்கும். பெட்டி அங்கேயே நின்றிருக்கும், ரயில் போயிருக்கும். ஜெராக்ஸ்காரர் செய்தது பைண்டிங் கம்பிக் கொக்கி. கம்பியை வெட்டினால் வீண் என்று, வெள்ளிக்கிழமை ஸ்டேஷன் மாஸ்டர் கோத்தபிறகு, இருந்த நீளம் முழுவதையும் முன்பெட்டியின் கொக்கியில் சுற்றோ சுற்றென்று சுற்றியிருந்தார். அது கழலவில்லை. எஞ்சின் முக்கியது, முனகியது.

பிறகு மலை நகர்ந்தது.

முதலில் யாரும் நம்பவில்லை. மலைமேல் இருந்த குட்டி வீடு ஆடியது. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. மலை, தன் மரம் மட்டைகளோடு, சரக்கு ரயிலின் பின்னால் ஸ்டேஷனைப் பார்த்து ஊர்வலம் கிளம்பியது.

"கரன்ட்டக் குறைங்க" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

மச்சானுக்குக் கை கால் ஓடவில்லை. கண் எஞ்சின்மேல் இருந்தது, கை திருகின்மேல் இருந்தது, புத்தி டப்பாவில் இருந்தது. திருகை எதிர்ப்பக்கம் திருகினார். மலை வேகமெடுத்தது. பிளாட்பாரத்தில் பல வருடமாக ரயிலுக்குக் காத்திருந்த குட்டிப் பயணிகள்மேல் ஏறியது. டிக்கெட் கவுன்டரை இடித்துத் தள்ளியது. ஸ்டேஷன் மாஸ்டர் சிவப்புக் கொடியை எடுத்து மலைக்குக் காட்டினார். மலைக்கு விதிமுறை தெரியவில்லை.

அந்த அமளிக்கு நடுவே யாரோ ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது. யார் இப்படிச் சிரிக்கிறது என்று ஜெராக்ஸ்காரருக்கு எரிச்சலாக இருந்தது. பெட்டியைவிட்டுக் கண்ணை எடுக்காமலே யோசித்தார். அது தன் மனைவியின் சிரிப்பு என்பது அவருக்குச் சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகு காலம் ஆகிவிட்டிருந்தது.

யாரோ பிளக்கைப் பிடுங்கினார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் கடைசி விசிலை ஊதினார். நான்கு பேர் சேர்ந்து மலையைத் தூக்கினார்கள். அடியில் ஜெராக்ஸ்காரரின் பெட்டி நின்றது. கூரை பிளந்திருந்தது. பிளவு வழியாக, கொழுத்த கொண்டைக்கடலை, மூக்கு நுனியில் வெள்ளை முளையோடு, கூட்டத்தை எட்டிப் பார்த்தது.

"இது என்னய்யா லோடு?" என்றார் ஒருவர்.

"நான் மூணு நாளாத் தேடிட்டிருந்த கடலை" என்றாள் மனைவி.

மச்சான் எஞ்சினைத் துடைத்துக்கொண்டே கத்தினார். "ஃபெயில் போடுங்க. ஸ்டேஷனே தரைமட்டம். பிரிச்ச அன்னிக்கே என் எஞ்சின் பாழாப்போச்சு."

ஸ்டேஷன் மாஸ்டர் மண்டியிட்டு, டார்ச் அடித்து, பெட்டியின் சக்கரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் தண்டவாளத்தின்மேல் இருந்தன. எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"விசில் ஊதறப்போ பெட்டி தண்டவாளத்துல இருந்துச்சு. விதி அவ்வளவுதான் சொல்லுது."

"அப்ப இந்த மலை?"

"மலைதான் தடம் புரண்டிருக்கு. பெட்டி இல்ல. பெட்டி பாஸ்."

ஹாலில் சிரிப்பும் கைதட்டலும் கிளம்பின. ஜெராக்ஸ்காரரின் முதுகில் ஆளாளுக்குத் தட்டினார்கள். மேஜை என்னுடையது என்று அவர் மனசு துள்ளியது. சொல்லிக்காட்ட மனைவியைத் தேடித் திரும்பினார். அவள் அதற்குள் படியிறங்கிப் போய்விட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அவள் தட்டில் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தைக் காட்டவில்லை. "சொன்ன சொல் சொன்னதுதான். மேஜை உங்களோடது" என்றாள். வெற்றிச் சிரிப்போடு அவர் மேஜையை நெருங்கியபோது, அவள் அவர் உட்காரப்போன நாற்காலியை இழுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனாள். திரும்பி வந்து இன்னொரு நாற்காலியையும் இழுத்துக்கொண்டு போனாள். வீட்டில் இருந்ததே அந்த இரண்டுதான்.

"நாற்காலிய ஏன் எடுத்துட்டுப் போற?"

"பந்தயத்துல மேஜை மட்டும்தானே. நாற்காலி பேசலையே."

அவர் நின்றுகொண்டே ஒரு சக்கரத்தை எடுத்துத் துடைக்கப் பார்த்தார். இடுப்பு வலித்தது. அறை வாசலுக்குப் போய் நின்றார். அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இன்னொன்றை எதிரே போட்டிருந்தாள். அது காலியாக இருந்தது.

"ஒரு ஆளுக்கு ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு எனக்கு. ஒண்ணு எதிர்ல."

"எதிர்ல யாரு?"

"யாரும் இல்ல. இத்தனை நாளா கட்டில்ல உக்காந்து சுவரப் பாத்து சாப்பிட்டேன். இன்னிக்குத் தோத்துட்டேன்ல, இனிமே ஆயுசுக்கும் இப்படித்தான். அதான், சுவருக்குப் பதிலா ஒரு நாற்காலியாவது இருக்கட்டும்னு." அவள் கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த கவளத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "எனக்கு உங்க மேஜை வேணாங்க. சாப்பிடறப்போ எதிர்ல ஒரு ஆளு இருந்தா நல்லாருக்கும்னுதான் பந்தயமே கட்டினேன்."

அவர் குளியலறைக்குப் போய், சோப்புப் போட்டு, நகக்கண்ணில் இருந்த அரக்குச் சாயம் போகிறவரை கை கழுவினார். அன்று சோப்பை மிச்சம் பிடிக்கத் தோன்றவில்லை. தட்டில் சாப்பாடு போட்டுக்கொண்டு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் பிரஷ் இல்லாமல் சாப்பிடுவது ஒரு மாதிரியாக இருந்தது. எங்கே பார்ப்பதென்று புரியாமல் அவளைப் பார்த்தார். பார்த்தவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"கண்ணாடி எப்ப போட்ட?"

அவள் நிமிர்ந்தாள். மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண்கள் அவரையே பார்த்தன.

"நீங்க எண்ணெய் டேங்கருக்குப் பச்சை அடிச்சிட்டிருந்தீங்களே, அப்போ."

அந்த டேங்கர் போன வருட ஓட்டத்துக்குச் செய்த பெட்டி.

"நல்லாருக்கு" என்றார் மெதுவாக.

"சாப்பிடுங்க, ஆறிடும்" என்றாள் அவள்.